கதையில்லாத தெய்வம்: பண்டைய கிரேக்கரின் அடுப்பும் இல்லமும்

கிரேக்கத் தொன்மக் கதைகள் என்றவுடன் எம் நினைவுக்கு வருபவர்கள் பலர். இடியையும் மின்னலையும் கையில் ஏந்திய ஸியூஸ், கடலைக் கலக்கும் பொசைடன், போர்க்கவசத்தோடு தந்தையின் தலையிலிருந்து வெளிவந்த அதீனா, சிறகு முளைத்த பாதணியோடு பறந்து திரியும் ஹெர்மிஸ் என்று அந்த வரிசை நீளும். இவர்கள் ஒவ்வொருவருக்கும் கதைகள் உண்டு. சண்டையும் சூழ்ச்சியும் பொறாமையும் பழிவாங்கலும் நிறைந்த கதைகள் அவை. ஆனால் இந்தக் குடும்பத்திலேயே மூத்தவளான ஒருத்திக்குக் கதை என்று சொல்லத்தக்கது ஒன்றோ இரண்டோதான். அவளது பெயர் ஹெஸ்டியா. அவள் அடுப்பின் தெய்வம்.

கதை இல்லாதவள் என்பதனால் அவள் மதிப்பில்லாதவள் என்று எண்ணிவிடக் கூடாது. விருந்து நடந்தால் முதலில் ஊற்றப்படும் திராட்சை இரசமும் இறுதியில் ஊற்றப்படுவதும் அவளுக்குரியவை. ஒலிம்பியாவில் தெய்வங்களின் அரசனான ஸியூஸுக்கே பிரமாண்டமான ஆலயம் இருந்தது. ஆயினும் அங்கே முதற்பலி ஹெஸ்டியாவுக்கும் இரண்டாவதே ஸியூஸுக்கும் கொடுக்கப்பட்டதாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பௌசானியஸ் குறிப்பிடுகின்றார். ஒரு காரியத்தைச் சரியான இடத்திலிருந்து ஆரம்பிப்பதைக் கிரேக்கர் 'ஹெஸ்டியாவிலிருந்து தொடங்குதல்' என்று பழமொழியாகவே சொல்லி வந்தனர்.

கதையே இல்லாத ஒருத்திக்கு ஏன் முதலிடம்? இந்த முரண்பாடுதான் என்னை இவளைப் பற்றித் தேடித்தேடி வாசிக்க வைத்தது. வாசிக்க வாசிக்க இன்னொரு கேள்வியும் எழுந்தது. இல்லத்தின் நடுவை ஒரு பெண்ணாகக் கண்ட அந்தச் சமூகம், அந்த இல்லத்தில் வாழ்ந்த பெண்ணுக்கு எத்தகைய இடத்தைக் கொடுத்தது? ஒரு பழைய சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதைக் காட்டும் சான்றுகளாகவே இக்கதைகளையும் சடங்குகளையும் இங்கு நான் நோக்குகின்றேன்.

அடுப்பு என்றால் என்ன?

'ஹெஸ்டியா' என்பது முதலில் ஒரு பெயரல்ல, ஒரு சாதாரணச் சொல். வீட்டில் நெருப்பு எரியும் இடம் என்பதே அதன் பொருள். எமது வீடுகளில் அடுப்பு குசினிக்குள் ஒதுங்கியிருக்கும். விருந்தினர் அதைப் பார்ப்பதுகூட இல்லை. பழங்காலக் கிரேக்க அரண்மனையில் நிலைமை நேர்மாறானது. கிரேக்கத்தின் தென்மேற்கிலுள்ள பைலோஸ் என்னும் இடத்தில் அமெரிக்க அகழ்வாராய்ச்சியாளர் கார்ல் பிளேகன் 1939இல் ஓர் அரண்மனையைக் கண்டறிந்தார். அது ஏறத்தாழ கி.மு. 1200ஐ அண்டிய காலத்தில் எரிந்துபோன அரண்மனை. அதன் பிரதான மண்டபத்தின் நட்ட நடுவில், நான்கு தூண்களுக்கிடையில், சுமார் 4 மீற்றர் விட்டமுள்ள வட்டமான அடுப்பொன்று இருந்தது. அரசனின் ஆசனம் சுவரோரம், நடுவிடம் நெருப்புக்கு.

அந்த நெருப்பு சமைப்பதற்கு மட்டும் உரியதன்று. குளிர்காலத்தில் வெப்பம் தந்ததும் இரவில் ஒளி தந்ததும் தெய்வங்களுக்குரிய காணிக்கையைப் பெற்றதும் அதுவே. ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட், ஒடிசி ஆகிய இரு காவியங்களிலும் ஹெஸ்டியா என்ற தெய்வம் வருவதில்லை. ஆனால் அடுப்பு வருகின்றது. ஒடிசியில் மனிதர்கள் சத்தியம் செய்யும்போது ஸியூஸையும் விருந்து மேசையையும் ஒடிசியஸின் வீட்டு அடுப்பையும் சாட்சிக்கு அழைக்கின்றார்கள். தெய்வமாகப் பெயர் பெறுவதற்கு முன்பே அந்த இடம் பொய் சொல்லக் கூடாத இடமாகிவிட்டது.

இங்கே வியப்பான ஒரு செய்தியும் உண்டு. பைலோஸ் அரண்மனைக்குப் பல நூற்றாண்டுகளின் பின், ஏதென்ஸ் புகழின் உச்சியிலிருந்த காலத்தில், சாதாரண வீடுகள் பலவற்றில் நிலையான அடுப்பே இருக்கவில்லை. வடகிரேக்கத்திலிருந்த ஒலிந்தஸ் நகரம் கி.மு. 348இல் மசிடோனிய மன்னன் பிலிப்பினால் அழிக்கப்பட்டது. அழிந்த அந்நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சிலவற்றில் மட்டுமே கட்டப்பட்ட அடுப்புகள் காணப்பட்டன. பலர் தூக்கிச் செல்லக்கூடிய சட்டி போன்ற கரியடுப்புகளையே பயன்படுத்தியுள்ளனர். அப்படியானால் 'வீட்டின் நடுவில் அசையாதிருக்கும் அடுப்பு' என்று அவர்கள் பேசியது செங்கல்லையும் களிமண்ணையும் பற்றி மட்டுமன்று. எந்த இடத்தில் நெருப்பை வைத்து வீட்டார் கூடினார்களோ அந்த இடம் அடுப்பாயிற்று. இல்லம் என்ற எண்ணத்துக்கே அவர்கள் வைத்த பெயர் அது.

மூத்தவளும் அவளே, இளையவளும் அவளே

ஹெசியோட் என்னும் பழைய புலவர் தெய்வங்களின் பிறப்பைப் பாடிய நூலில் ஹெஸ்டியாவுக்கு ஒரு தந்தையும் தாயும் கிடைக்கின்றனர். குரோனஸ், ரேயா ஆகியோரின் தலைப்பிள்ளை அவள். தன் பிள்ளை தன்னை ஆட்சியிலிருந்து அகற்றிவிடும் என்று அஞ்சிய குரோனஸ், பிறக்கப் பிறக்கப் பிள்ளைகளை விழுங்கினான். இறுதியாகப் பிறந்த ஸியூஸை மட்டும் தாய் மறைத்து வைத்து, ஒரு கல்லைத் துணியில் சுற்றிக் கணவனிடம் கொடுத்தாள். பின்னர் குரோனஸ் விழுங்கிய அனைவரையும் கக்க நேர்ந்தது. முதலில் உள்ளே போனவள் இறுதியில் வெளியே வந்தாள். ஆகவேதான் அவள் மூத்தவளாகவும் இளையவளாகவும் கருதப்பட்டாள். விருந்தில் முதலும் முடிவும் அவளுக்குரியதாக இருந்தமை இதனோடு பொருந்துகின்றது.

இன்னொரு கதை, அப்ரோடைட்டைப் போற்றும் பழைய துதிப்பாடல் ஒன்றில் வருகின்றது. பொசைடனும் அப்பொலோவும் ஹெஸ்டியாவை மணமுடிக்கக் கேட்டனர். அவள் இருவரையும் மறுத்தாள். ஸியூஸின் தலையைத் தொட்டு, என்றும் கன்னியாகவே இருப்பேன் என்று சத்தியம் செய்தாள். அவள் மறுத்த திருமணத்துக்குப் பதிலாக ஸியூஸ் அவளுக்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்தான். வீட்டின் நடுவில் அமர்ந்து, காணிக்கைகளில் சிறந்ததைப் பெறும் உரிமையே அது.

இவ்வளவுதான் அவளுடைய கதை. கதை நகர வேண்டுமானால் யாராவது வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். ஒடிசியஸ் ஊரை விட்டுப் புறப்பட்டதால்தான் ஒடிசி பிறந்தது. ஹெஸ்டியாவோ எங்கும் போவதில்லை. பிளேட்டோ தமது நூலொன்றில் தெய்வங்கள் எல்லாம் ஸியூஸின் பின்னால் வானத்தில் ஊர்வலம் போவதாக வருணித்துவிட்டு, ஹெஸ்டியா மட்டும் வீட்டில் தங்கிவிடுகின்றாள் என்கின்றார். அவளுக்குக் கதை இல்லாமைக்கு இதுவே காரணம் என நான் நினைக்கின்றேன். மற்றவர்கள் போவதற்கும் வருவதற்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக இருந்ததே அவளது வேலை.

இந்த இடத்தில் ஒரு தெளிவும் அவசியம். ஒலிம்பஸ் மலையின் பன்னிரு ஆசனங்களில் தன்னுடையதை ஹெஸ்டியா மதுவின் தெய்வமான டயோனிசஸுக்கு விட்டுக்கொடுத்தாள் என்றொரு கதை இன்று பரவலாகச் சொல்லப்படுகின்றது. பழைய கிரேக்க நூல் எதிலும் இக்கதை இல்லை. 20ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் ரொபர்ட் கிரேவ்ஸ் கிரேக்கத் தொன்மங்களைத் திரட்டி எழுதிய நூலின் வழியாகப் பரவியது அது. ஏதென்ஸின் பார்த்தினன் ஆலயச் சிற்ப வரிசையில் அமர்ந்திருக்கும் பன்னிருவரில் டயோனிசஸ் இருக்கின்றான், ஹெஸ்டியா இல்லை என்பது உண்மைதான். ஆனால் விட்டுக்கொடுத்தல் என்பது பிற்காலத்தவர் அவளுக்குச் சேர்த்துக்கொடுத்த குணம். வீட்டிலிருக்கும் பெண் என்றால் விட்டுக்கொடுப்பவளாகத்தான் இருப்பாள் என்று எண்ணுவது எவ்வளவு இலகுவாகி விடுகின்றது பாருங்கள்!

அடுப்பைச் சுற்றி உள்ளே வருதல்

ஒருவர் ஒரு குடும்பத்துக்கு உரியவராவது எப்படி? பிறந்தால் போதும் என்று நாம் சொல்வோம். ஏதென்ஸில் பிறப்பு மட்டும் போதாது. குழந்தை பிறந்து ஐந்தாம் நாளிலோ ஏழாம் நாளிலோ 'அம்பிட்ரோமியா' என்ற சடங்கு நடைபெற்றது. 'சுற்றி ஓடுதல்' என்பது அதன் பொருள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி வந்தார்கள். அதன் பின்னரே குழந்தை அவ்வீட்டுப் பிள்ளை. வாசற்கதவில் ஆண் குழந்தைக்கு ஒலிவ மாலையும் பெண் குழந்தைக்குக் கம்பளி நூலும் தொங்கவிடப்பட்டன. பிறந்த ஒரு வாரத்திலேயே அவளுடைய வேலை இன்னதென்று கதவு ஊருக்குச் சொல்லிவிட்டது.

இச்சடங்கின் மறுபக்கம் இருண்டது. அடுப்பைச் சுற்றிக் கொண்டுவரப்படாத குழந்தை வீட்டுக்கு உரியதன்று. தந்தை ஏற்க மறுத்த குழந்தையை வெளியே கொண்டுபோய் விட்டுவிடும் வழக்கம் அங்கு இருந்தது. பிளேட்டோவின் இன்னொரு நூலில் சோக்கிரட்டீஸ் இச்சடங்கை ஓர் உவமையாக எடுத்தாள்கின்றார். புதிதாகப் பிறந்த ஒரு கருத்தையும் அடுப்பைச் சுற்றித் தூக்கிவந்து, வளர்க்கத் தகுந்ததா என்று எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். எடுத்து விளக்கத் தேவையில்லாத அளவுக்கு எல்லோரும் அறிந்த வழக்கமாக அது இருந்திருக்கின்றது.

குழந்தையைப் போலவே மணமகளும் அடுப்பண்டை கொண்டுவரப்பட்டாள். மாலை வேளையில் தீப்பந்தங்களோடு ஊர்வலமாகக் கணவன் வீட்டுக்கு வந்த அவளை அடுப்பருகே இருத்தி, உலர்ந்த அத்திப்பழம், பேரீச்சம்பழம், கொட்டைகள், சிறு நாணயங்கள் முதலியவற்றை அவள் மீது சொரிந்தனர். இனிமையும் செழிப்பும் உண்டாகட்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட அழகான வழக்கம். இதே சடங்கு இன்னொருவருக்கும் செய்யப்பட்டது. சந்தையில் புதிதாக விலைக்கு வாங்கி வரப்பட்ட அடிமையையும் அடுப்பருகே இருத்தி அதே பழங்களைச் சொரிந்தனர்.

மணமகளுக்கும் அடிமைக்கும் ஒரே சடங்கா என்று இதை வாசித்தபோது திகைத்தேன். பிறகு யோசித்தால் அதிலுள்ள தர்க்கம் புரிகின்றது. குழந்தை, மணமகள், அடிமை ஆகிய மூவரும் வெளியிலிருந்து உள்ளே வருபவர்கள். மூவரும் தாமாகத் தெரிவு செய்து வந்தவர்கள் அல்லர். மூவரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் வாசல் அடுப்புத்தான்.

சாம்பலில் அமர்ந்தவர்கள்

அழைக்கப்படாமல் வருபவருக்கும் அந்த அடுப்பு ஒரு வாசலாக இருந்தது. உயிருக்கு அஞ்சி ஓடிவந்த ஒருவன் ஒரு வீட்டின் அடுப்பருகே அமர்ந்துவிட்டால், அவனை இழுத்து வெளியே தள்ளுவது தெய்வக் குற்றமாகக் கருதப்பட்டது.

ஒடிசியின் 7ஆம் பாகத்தில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. கப்பல் உடைந்து, எல்லாவற்றையும் இழந்து, ஃபியேசியர் நாட்டில் கரையேறிய ஒடிசியஸ் அரண்மனைக்குள் நுழைகின்றான். அரசன் அல்சினோஸைத் தாண்டிப் போய், அரசி அரேட்டேயின் முழங்காலைப் பற்றி உதவி கேட்கும்படி அவனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. அவ்வாறே கேட்டுவிட்டு, அடுப்பருகே சாம்பலில் போய் அமர்கின்றான். சபை மௌனமாகிவிடுகின்றது. இறுதியில் முதியவர் ஒருவர் பேச, அரசன் அவனைக் கைபிடித்து எழுப்பித் தன் மகனின் ஆசனத்தில் அமர்த்துகின்றான்.

அடுத்தது வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதியது. கி.மு. 480இல் சலமிஸ் கடற்போரில் பாரசீகரைத் தோற்கடிக்கக் காரணமாயிருந்த தெமிஸ்டொக்கிளிஸ், சில ஆண்டுகளின் பின் சொந்த நகரத்தாலேயே துரத்தப்பட்டார். ஓட இடமின்றி மொலோசியரின் மன்னன் அட்மெட்டஸின் வீட்டை அடைந்தார். அந்த மன்னனோ அவருக்கு நண்பனல்லன். அப்போது வீட்டிலும் இல்லை. வீட்டிலிருந்த மன்னனின் மனைவியிடம் தெமிஸ்டொக்கிளிஸ் மன்றாடினார். அவள் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள்: எங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பருகே அமர்ந்துகொள்ளுங்கள். மன்னன் திரும்பி வந்தபோது தன் பகைவன் தன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தன் அடுப்பருகே இருப்பதைக் கண்டான். தேடி வந்தவர்களிடம் அவரை ஒப்படைக்க மறுத்துவிட்டான்.

ஒன்று காவியம், மற்றையது வரலாறு. இரண்டிலும் அடைக்கலத்துக்கான வழி வீட்டுப் பெண்ணிடமிருந்தே தொடங்குகின்றது. முடிவைச் சொல்பவன் அரசன். ஆனால் அந்த முடிவைத் தவிர வேறு முடிவை அவன் எடுக்க முடியாதபடி செய்தவள் அடுப்பின் சட்டத்தை அறிந்த பெண். துசிடிடிஸ் அவளுடைய பெயரைக்கூடக் குறிப்பிடவில்லை.

நகரத்துக்கும் உலகத்துக்கும் ஓர் அடுப்பு

வீட்டுக்கு ஓர் அடுப்பு இருப்பது போல நகரத்துக்கும் ஓர் அடுப்பு இருந்தது. அது இருந்த கட்டடம் 'பிரிட்டனேயன்' எனப்பட்டது. வெளிநாட்டுத் தூதுவர்களும் ஒலிம்பிக் போட்டிகளில் வென்றவர்களும் அங்கே நகரத்தின் செலவில் விருந்துண்டனர். கி.மு. 399இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்ட சோக்கிரட்டீஸ், தமக்குரிய தண்டனையைத் தாமே முன்மொழியுமாறு கேட்கப்பட்டபோது, பிரிட்டனேயனில் இலவச உணவு தரும்படி கேட்டார். நகரத்தின் அடுப்பில் பங்கு கேட்பதென்பது நகரத்தின் மிக உயர்ந்த கௌரவத்தைக் கேட்பதாகும். நீதிபதிகள் சினமுற்றதில் வியப்பில்லை.

கடல் கடந்து புதிய குடியேற்றம் அமைக்கச் சென்றவர்கள் தாய் நகரத்தின் பிரிட்டனேயனிலிருந்து நெருப்பை எடுத்துச் சென்று புதிய ஊரின் அடுப்பை மூட்டினார்கள். மண் வேறானாலும் நெருப்பு அதே நெருப்பு. நெருப்பின் தூய்மையை அவர்கள் எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு வரலாற்றாசிரியர் புளூட்டாக் ஒரு சம்பவத்தைக் கூறுகின்றார். கி.மு. 479இல் பிளட்டீயா போரில் பாரசீகர் தோற்ற பின், அவர்களால் நாட்டின் நெருப்புகள் மாசுபட்டுவிட்டன என்று எல்லா நெருப்புகளும் அணைக்கப்பட்டன. யூகிடாஸ் என்ற பிளட்டீயா வாசி டெல்பி ஆலயத்தின் அடுப்பிலிருந்து புது நெருப்பைக் கொண்டுவர ஓடினான். போகவும் வரவும் 1000 ஸ்டேட், அதாவது ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஒரே நாளில் ஓடிவந்து நெருப்பை ஒப்படைத்துவிட்டு விழுந்து இறந்தான்.

அந்த நெருப்பைக் காத்தவர் யார்? உரோமில் இதே தெய்வம் வெஸ்டா எனப்பட்டாள். அவளது நெருப்பைச் சிறுவயதிலேயே தெரிவு செய்யப்பட்ட கன்னியர் முப்பது ஆண்டுகள் காத்தனர். கிரேக்கத்தில் டெல்பியிலும் ஏதென்ஸிலும் அந்தப் பொறுப்பு கன்னியருக்கன்றித் திருமண வாழ்வைக் கடந்த முதிய பெண்களுக்கே உரியதாயிருந்தது என்று புளூட்டாக் எழுதுகின்றார்.

நகரத்தைத் தாண்டி அண்டத்துக்கும் ஓர் அடுப்பைக் கற்பித்தார்கள் சிந்தனையாளர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிலொலாஸ், அண்டத்தின் நடுவில் ஒரு நெருப்பு இருப்பதாகவும் பூமியே அதைச் சுற்றி வருவதாகவும் கூறி, அந்நெருப்புக்கு ஹெஸ்டியா என்று பெயரிட்டார். பெரும்பாலோர் பூமியையே அசையாத அடுப்பாகக் கருதினர். ஆகவே கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அரிஸ்டார்க்கஸ் என்ற வானியலாளர் பூமி சூரியனைச் சுற்றுகின்றது என்று சொன்னபோது, மெய்யியலாளர் கிளியந்தஸ் அவரைத் தெய்வ நிந்தனைக்காக நீதிமன்றில் நிறுத்த வேண்டும் என்றார். உலகத்தின் அடுப்பை அசைத்துவிட்டார் என்பதே குற்றச்சாட்டு!

இந்த எண்ணத்தின் சாயல் எமது விஞ்ஞானப் பாடத்திலும் உண்டு. வில்லையினூடாகச் செல்லும் ஒளிக்கதிர்கள் ஒன்றுசேரும் புள்ளியை நாம் குவியம் என்கின்றோம். அதற்கு 'ஃபோகஸ்' என்ற சொல்லை 1604இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். இலத்தீனில் அச்சொல்லின் பொருள் அடுப்பு. இன்றைய கிரேக்க மொழியிலும் குவியத்துக்கு வழங்கும் பெயர் 'எஸ்தியா', அதாவது ஹெஸ்டியாவே.

மகளின் அடுப்பு எது?

அண்டம் வரை விரிந்த அந்த நடுவை விட்டு மீண்டும் வீட்டுக்குள் வருவோம். அங்கே ஒரு மகள் இருக்கின்றாள். அவளுக்கு உரிய அடுப்பு எது?

பிரெஞ்சு அறிஞர் ஜோன் பியேர் வெர்னான் 1963இல் ஹெஸ்டியாவையும் ஹெர்மிஸையும் பற்றி எழுதிய ஆய்வு இக்கேள்விக்கு வழிகாட்டுகின்றது. ஒலிம்பியாவில் பீடியாஸ் செதுக்கிய ஸியூஸ் சிலையின் பீடத்தில் தெய்வங்கள் சோடி சோடியாக நின்றனர். ஹெஸ்டியாவுக்குச் சோடியாக நின்றவன் கணவனோ மகனோ அல்லன், ஹெர்மிஸ். அவள் அசையாதவள், அவன் ஓயாதவன். அவள் நடு, அவன் வாசலும் வழியும். பெண் உள்ளே, ஆண் வெளியே என்று கிரேக்கர் பிரித்த பிரிவு இதில் தெரிகின்றது. ஆனால் திருமணம் என்று வந்ததும் அது தலைகீழாகின்றது. உள்ளேயே இருக்க வேண்டியவள் என்று சொல்லப்பட்ட பெண்தான் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவள். வெளியே திரிபவனாகிய ஆண் தன் தந்தையின் அடுப்பிலேயே நிலைத்துவிடுகின்றான்.

செனபொன் எழுதிய நூலொன்றில் இஸ்கோமாக்கஸ் என்ற ஏதென்ஸ் கனவான் தன் மனைவி தன்னிடம் வந்தபோது அவளுக்குப் பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை என்கின்றான். தேன்கூட்டின் அரசியைப் போல உள்ளிருந்து எல்லாவற்றையும் நிருவகிக்கும்படி அவளுக்குப் பாடம் நடத்துகின்றான். பிறந்த வீட்டு அடுப்பை விட்டு வந்தவள், புகுந்த வீட்டு அடுப்பின் காவலாளியாகின்றாள். மணமுறிவு ஏற்பட்டால் சீதனத்தோடு மீண்டும் முந்தைய அடுப்புக்குத் திரும்ப வேண்டியவளும் அவளே. தந்தைக்கு ஆண் பிள்ளை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் விசித்திரமானது. அத்தகைய மகள் 'எபிக்லேரோஸ்', அதாவது சொத்தோடு சேர்ந்தவள் எனப்பட்டாள். தந்தையின் மிக நெருங்கிய ஆண் உறவினன் அவளை மணக்க உரிமை கோரலாம். அப்போது அவள் தந்தையின் அடுப்பை விட்டுப் போகவில்லை. ஆனால் அது அவளுக்குச் சொந்தமாகவும் இல்லை. அவள் பெறும் மகனுக்காக அதை அணையாமல் வைத்திருந்தாள்.

கி.மு. 438இல் மேடையேறிய யூரிபிடிஸின் நாடகத்தில் கணவனுக்குப் பதிலாக உயிர் துறக்க இசைந்த அல்செஸ்டிஸ், இறக்கும் நாளில் நீராடி நல்லாடை உடுத்து அடுப்பின் முன் வந்து நிற்கின்றாள். மகனுக்கு அன்பான மனைவியையும் மகளுக்கு உயர்ந்த கணவனையும் கொடு என்று வேண்டுகின்றாள். மகனுக்கு ஒருத்தி இந்த அடுப்புக்கு வருவாள். மகள் இந்த அடுப்பை விட்டுப் போவாள். அந்த வேண்டுதலுக்குள் ஒரு பெண்ணின் முழு வாழ்க்கை வட்டமும் அடங்கிவிடுகின்றது.

இப்போது ஹெஸ்டியா ஸியூஸின் தலையைத் தொட்டுச் செய்த சத்தியத்தைத் திரும்பவும் எண்ணிப் பார்க்கின்றேன். அவள் கேட்டது அதிகாரத்தையன்று. வீட்டை விட்டுப் போகாதிருக்கும் உரிமையை. கிரேக்க மகள் எவளுக்கும் கிடைக்காத ஒன்று அது. இல்லத்தின் தெய்வம் திருமணமாகாதவளாக இருப்பது முரணாகத் தோன்றலாம். ஆனால் அசையாத நடுவாக ஒரு பெண் இருக்க வேண்டுமென்றால், அவள் இன்னொரு வீட்டுக்கு அனுப்பப்படாதவளாக இருந்தே ஆக வேண்டும். மனிதப் பெண்களுக்குத் தாங்கள் கொடுக்காததை அவர்கள் தெய்வத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

காலம் செல்லச் செல்ல இந்த ஏற்பாட்டிலும் ஒரு கதவு திறந்தது. உரோமரின் ஆட்சிக் காலத்தில் இன்றைய துருக்கியிலிருந்த எபேசஸ் நகரில், நகர அடுப்புக்குப் பொறுப்பான 'பிரிட்டனிஸ்' பதவியைப் பெண்களும் வகித்தனர். அவர்களுள் ஒருவர் கிளோடியா ட்ரொபீமே. கி.பி. 1ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பதவியில் இருந்த அவர் ஹெஸ்டியாவைப் பற்றிச் செய்யுளும் எழுதினார். அது கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றது. தெமிஸ்டொக்கிளிஸுக்கு வழி சொன்ன அரசியின் பெயர் துசிடிடிஸின் ஏட்டில் இல்லை. நகரத்தின் அடுப்பைக் காத்த இந்தப் பெண்ணோ தன் பெயரைத் தானே எழுதி வைத்துச் சென்றுவிட்டார்.

வீட்டுக்கு விளக்கு, குடும்பத்தின் அச்சாணி என்றெல்லாம் பெண்ணைப் போற்றும் வரிகள் எல்லா மொழிகளிலும் உண்டு. எமது மொழியிலும் குறைவில்லை. அவற்றை இனி வாசிக்கும்போது நான் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்பேன். அந்த நெருப்பைக் காப்பவள் யார்? அதனருகே தன் உரிமையோடு அமர்ந்திருப்பவர் யார்? இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பெயர் விடையாக வரும் வீட்டையே நான் இல்லம் என்பேன்.